யூசுப் பாயின் இரண்டாவது வளைவு

யூசுப் பாய் ஓட்டிய ஜீப்பில் பதினைந்து வருஷமாக ஒரு உயிர்கூடப் போனதில்லை என்று ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எத்தனையோ பேரை அவர் சேலத்து ஆஸ்பத்திரிகளுக்கு இறக்கியிருக்கிறார். பாம்பு கடித்தவர்கள், சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தவர்கள், பிரசவத்துக்குத் தவித்தவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்கள். அவர்களில் பலர் திரும்பி வரவில்லைதான். ஆனால் யாரும் வழியில் போகவில்லை, ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட பிறகே போனார்கள். மலையில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். நம்பவைத்தவர் யூசுப் பாய்.

முழுப்பெயர் முகமது யூசுப். அவருடைய அத்தா சேலத்திலிருந்து வந்து ஏற்காடு கடைவீதியில் வெற்றிலை பாக்கும் மெழுகுவத்தியும் விற்றவர். மகனையும் கடையில் உட்காரவைத்துப் பார்த்தார். மகனுக்கு உட்காருவதே ஒத்துவரவில்லை. அறுபத்தொன்பதில், ராணுவம் ஏலம் விட்ட ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். அந்த ஜீப்பின் கூரை ஒழுகும். மழைக்காலத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் குடை பிடித்திருப்பார்கள். யாராவது முனகினால், "வெளிய பாருங்க, இதைவிட நொம்பப் பெய்யுது" என்பார். வண்டி கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை பேச்சு நிற்காது. "உங்க வண்டி பெட்ரோல்ல ஓடுதா, வாயில ஓடுதான்னே தெரியல" என்று அவர் மனைவி சுபைதா சொல்வதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

வழியில் யாரும் சாவதில்லை என்ற பெருமைக்குப் பின்னால் ஒரு வழக்கம் இருந்தது. எழுபத்திநாலில் சூசைமாணிக்கம், அப்போதுதான் ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்த டிரைவர், ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு இறங்கினார். பாதி மலையில் பெரியவருக்குக் கண் சொருகியது. சூசைமாணிக்கம் திரும்பிப் பார்த்து, "போயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மகள் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து ஒரு வருஷம் படுக்கையில் கிடந்தாள்.

அதற்குப் பிறகு, யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமலே, ஸ்டாண்டில் ஒரு பழக்கம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கும்வரை ஏறியவருக்கு மூச்சு இருக்கிறது. டிரைவர் அப்படித்தான் சொல்ல வேண்டும். டாக்டர் பார்த்துச் சொல்வதை டாக்டர் சொல்லட்டும். இதில் யூசுப் பாயை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். "மூச்சு இருக்குதுங்க. பேசிட்டே வாங்க, அவுங்களுக்குக் காது கேக்கும்" என்பார். சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டே வருவார்கள். அழுகைச் சத்தம் இல்லாமல் வண்டி இருபது வளைவும் இறங்கும்.

எண்பத்திநாலு ஜூன் மாதம் சேலத்திலிருந்து டாக்டர் வெங்கடாசலம் ஸ்டாண்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பொம்மை. இடுப்புக்கு மேலே மட்டும் இருந்த அந்தப் பொம்மையின் மார்புக்குள் கார் டியூபும் தேங்காய் நாரும் வைத்துத் தைத்திருந்தார்கள். அதை ஸ்டாண்டு நடுவில் தரையில் கிடத்தினார்.

"யாருங்க சார் இந்த மாப்ளை? காலைக் காணோம்?" என்றார் கந்தசாமி என்ற டிரைவர்.

"இவருக்கு இப்ப இதயம் நின்னுபோச்சு" என்றார் டாக்டர். "நீங்க என்ன செய்வீங்க?"

"தூக்கி வண்டியில போட்டுட்டுப் பறப்போமுங்க."

"சேலம் போக எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரமுங்க."

"இதயம் நின்னா அஞ்சாறு நிமிஷத்துல மூளை கெட ஆரம்பிச்சிடும். நீங்க பறந்து போய்க் குடுக்கறது எதை?"

டாக்டர் மண்டியிட்டு, பொம்மையின் நெஞ்சு நடுவில் உள்ளங்கையை வைத்து, கையை மடக்காமல் அமுக்கிக் காட்டினார். பதினைந்து தடவை அமுக்கு, இரண்டு தடவை வாயில் ஊது. மூச்சு நின்றது தெரிந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி, இறக்கி, கெட்டித் தரையில் படுக்கவைத்துச் செய்ய வேண்டும். ஜீப் சீட்டில் வைத்து அமுக்கினால் ஸ்பிரிங்தான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது.

"பொம்பளைங்க நெஞ்சுல கை வெச்சா, ஊர்க்காரங்க எங்க நெஞ்சை அமுக்கிருவாங்களே சார்?" என்றார் கந்தசாமி. ஸ்டாண்டே சிரித்தது.

"கூட வர்றவங்களை அமுக்கச் சொல்லுங்க. நீங்க எண்ணுங்க" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

யூசுப் பாய் கேட்டார். "இது பலிக்குமாங்க சார்?"

"வெளிநாட்டுல பலிக்குது. பத்து நிமிஷத்துல ஆம்புலன்ஸ் வர்ற ஊருல. ஒரு மணி நேரம் வளைஞ்சு வளைஞ்சு இறங்கற நம்ம மலையில பலிக்குமான்னு எனக்குத் தெரியாது, பாய். அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கேன்."

தெரியாது என்று சொன்ன டாக்டரை யூசுப் பாய் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார். அதனாலேயே அவருக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. டாக்டர் கொடுத்த ஃபாரங்களை வாங்கிக் கண்ணாடிக்கு மேலே செருகிக்கொண்டார். எத்தனை மணிக்குச் சாய்ந்தார், எந்த இடத்தில் மூச்சு நின்றது, அமுக்கினீர்களா, எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தீர்கள் என்று நாலு கேள்விகள். மூச்சு நின்ற இடத்துக்கும் நேரத்துக்கும் கீழே டாக்டர் இரண்டு கோடு போட்டிருந்தார். டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த இந்த மலையையும், சொல்லிக்கொடுக்காத வேறொரு மலையையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி அது. யூசுப் பாய் வீட்டில் ஒரு தலையணையை வைத்து அமுக்கிப் பழகினார். பஞ்சு பிதுங்கி வெளியே வந்ததும் சுபைதா, "அது மவுத்தாயி ஒரு வாரமாச்சு, விடுங்க" என்றாள்.

அந்த டிசம்பரில் கரடியூர் செல்லப்பனுக்கு நெஞ்சு வலித்தது.

செல்லப்பனுக்கு ஆரஞ்சும் கொஞ்சம் காப்பியும் இருந்தன. யூசுப் பாயின் ஜீப்பில்தான் மூட்டைகளைச் சந்தைக்கு அனுப்புவார். அவர் மனைவி வெள்ளையம்மாளை யூசுப் பாய் தங்கச்சி என்று கூப்பிடப்போய், செல்லப்பன் மாப்ளை ஆகிவிட்டார். அந்த உரிமையில் இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்யாத நாள் கிடையாது. அன்று காலை பனி விலகாத நேரத்தில் ஏற்றும்போதுகூடச் செல்லப்பன், "ஒழுகற வண்டியில என்னைக் கொண்டுபோயி ஜன்னி வர வெச்சிராத" என்று சொல்லிக்கொண்டுதான் ஏறினார். பின்சீட்டில் வெள்ளையம்மாள் மடியில் தலை வைத்துப் படுத்தார். வேறு யாரும் இல்லை.

மேலிருந்து இரண்டாவது வளைவு திரும்பும்போது யூசுப் பாய் கண்ணாடியில் பார்த்தார். செல்லப்பனின் தாடை தொங்கியிருந்தது. சட்டை மார்பு ஏறி இறங்கவில்லை. பதினைந்து வருஷமாகப் பார்த்த முகம்தான் அது. வேறு வேறு பேரில் பார்த்த முகம். கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று சொல்ல வேண்டும். வாய் முந்திக்கொண்டது.

"மூச்சு இருக்குது தங்கச்சி. பேசிட்டே வாம்மா."

வெள்ளையம்மாள் பேசினாள். மேட்டுக்காட்டில் இந்த வருஷம் எத்தனை மரம் காய்த்திருக்கிறது என்று சொன்னாள். பெரியவளுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணத்தைச் சொன்னாள். பதினெட்டு வளைவும், அதற்குப் பிறகு சேலத்துச் சமவெளியும் பேசிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கையை விரித்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யூசுப் பாய் ஃபாரத்தை எழுதினார். வழியில் மூச்சு நின்ற இடம் என்ற கேள்விக்கு எதிரே, 'நிற்கவில்லை. வாசல் வரை இருந்தது' என்று எழுதினார். அமுக்கினீர்களா என்பதற்கு, 'தேவைப்படவில்லை.'

காரியம் முடிந்த பிறகு வெள்ளையம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "பாயி ஓட்டுன ஓட்டத்துல, கடேசி வரைக்கும் எம் பேச்சைக் கேட்டுட்டேதான் வந்தாரு." சந்தைக்கு மூட்டை போடும்போதெல்லாம் பழுத்த ஆரஞ்சாகப் பார்த்து ஒரு பை யூசுப் பாய் வீட்டுக்கு அனுப்பினாள். அந்தப் பழத்தை அவர் தொடுவதில்லை. பல் கூசுகிறது என்று சுபைதாவிடம் சொல்லிவிட்டார்.

எண்பத்தைந்து ஆகஸ்டில் டாக்டர் வெங்கடாசலம் ஃபாரக் கட்டோடு ஸ்டாண்டுக்கு வந்தார். இந்தத் தடவை பொம்மை இல்லை.

"இருபத்தாறு ஃபாரம்" என்றார். "இருபத்தி ரெண்டுல, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூச்சு இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க. மீதி நாலுல அந்த இடத்தையே காலியா விட்டுட்டீங்க. ஏங்க, உங்க மலையில ரோட்டுல யாரும் சாகறதே இல்லையா?"

கந்தசாமி பீடியைக் காலால் தேய்த்தார். சூசைமாணிக்கம் எங்கேயோ பார்த்தார்.

"வாசல்ல இறக்கினவங்களுக்குக் கை கால் சில்லுன்னு இருந்ததுன்னு டியூட்டி டாக்டருங்க எழுதியிருக்காங்க. ரெண்டுல எது நிஜம்னு எனக்குத் தெரியல. நீங்க எழுதினபடி கணக்குப் போட்டா, யாருக்கும் வழியில இதயம் நிக்கல, யாரையும் அமுக்க வேண்டியதில்லைன்னு வரும். அதை நான் எழுதிக் குடுத்தா வேற எந்த மலையிலயும் இதைச் சொல்லிக்குடுக்க மாட்டாங்க." டாக்டர் ஃபாரங்களை மறுபடி கட்டினார். "நான் கோவிச்சுக்க வரல. கூட வந்த குடும்பத்தாரை நேர்ல பார்த்துக் கேக்கலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை கரடியூர் போறேன்."

அன்று யூசுப் பாய் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சுபைதாவுக்கு அதுவே போதும். என்னவென்று கேட்டு வாங்கிவிட்டாள்.

"நல்லதுக்குத்தானே சொன்னேன்?" என்றார் அவர்.

"யாரு நல்லதுக்குங்க?"

"அந்தத் தங்கச்சிப் புள்ளைக்கு."

"உங்களால அழுகைச் சத்தம் கேக்க முடியாது. எனக்குத் தெரியாதா?" என்றாள் சுபைதா. "டாக்டர் வாயால கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே போயிச் சொல்லுங்க. சனிக்கிழமையே போங்க."

சனிக்கிழமை கரடியூரில் வெள்ளையம்மாள் களத்தில் போன வருஷத்துக் காப்பிக்கொட்டையைக் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். "வாங்க பாயி, என்னுங்க இந்நேரத்துல? அண்ணி நல்லா இருக்குதுங்களா?" என்று வீட்டுக்குள் போய் அடுப்பில் காப்பித் தண்ணி வைத்துவிட்டு வந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"தங்கச்சி, மாப்ளை ஆஸ்பத்திரி வரைக்கும் இல்லம்மா. நான் பொய் சொன்னேன்."

அவள் கையில் கிளறுகிற பலகை இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை.

"எங்கிங்க?"

"ரெண்டாவது வளைவு."

"மேல இருந்தா, கீழ இருந்தா?"

"மேல இருந்தும்மா."

வெள்ளையம்மாள் களத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப மீதி பதினெட்டு வளைவும் நான் யாருகிட்டங்க பேசிட்டு வந்தேன்?"

வாயால் வண்டி ஓட்டுகிறவர் என்று பெயர் வாங்கியவர், அன்று ஒரு சொல் கிடைக்காமல் நின்றார்.

"ஏனுங்க பாயி, நானும் குதிச்சுருவேன்னு நெனச்சீங்களா?"

"ஆமாம்மா."

"எனக்கு மூணு புள்ளைங்க. நான் எதுக்குங்க குதிக்கறேன்?" அவள் குரல் உயரவில்லை. "அந்த டாக்டரு பொம்மைய வெச்சு என்னமோ சொல்லிக்குடுத்தாருன்னு நீங்கதானே எங்ககிட்டச் சொன்னீங்க? எங்க ஊட்டுக்காரரு நெஞ்சை அமுக்கிக் காட்டி விளையாடுனீங்க? அன்னிக்கு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் அமுக்கியிருப்பேனே. மம்முட்டி புடிச்சு மண்ணு வெட்டுன கைங்க இது. சும்மாதானே மடியில வெச்சுட்டு வந்தேன்."

"அமுக்கியிருந்தாலும் பொழைச்சிருப்பாருன்னு சொல்ல முடியாது தங்கச்சி."

"பொழைச்சிருக்க மாட்டாருன்னு நீங்க சொல்ல முடியுமா?"

"முடியாதும்மா."

உள்ளே காப்பித் தண்ணி கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே போய் இறக்கவில்லை. கடைசியில் அவள், "நாளைக்கு டாக்டரு வரட்டும். ரெண்டாவது வளைவுன்னு நானே சொல்லிக்கறேன். நீங்க போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு கரடியூரிலிருந்து ஆரஞ்சு வரவில்லை. வெள்ளையம்மாள் மூட்டைகளை வேறு வண்டியில் போட்டாள். சேலம் போக வேண்டுமென்றால் பஸ்ஸுக்கு நின்றாள். ஸ்டாண்டைக் கடக்கும்போது யூசுப் பாய் இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டாள். அவர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் அந்த இருபத்தாறு ஃபாரங்களையும் தள்ளிவிட்டார். நினைவிலிருந்து திருத்தி எழுதித் தருகிறோம் என்று டிரைவர்கள் சொன்னபோது, "அது இன்னொரு பொய்யாப் போயிடும்" என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் செய்த வேலை போனது. புதிதாக ஃபாரம் அடித்துக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு கைக்கடிகாரம் கட்டியிருக்க வேண்டும் என்றார். பொய் எழுதுவதைவிட 'தெரியாது' என்று எழுதுங்கள் என்றார். ஸ்டாண்டில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எழுதிவிடலாம். சொல்வது எப்படி? கூட இருப்பவர்கள் முகத்தைப் பார்த்து, ஓடுகிற வண்டியில், அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? யூசுப் பாய் தனியாக வண்டி ஓட்டும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "மூச்சு இல்லீங்க." ஒவ்வொரு தடவையும் அது யாரையோ திட்டுவதுபோலவே கேட்டது.

எண்பத்தாறு மார்ச்சில், நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த அங்கப்பன், காலையில் ஆள் வருகை குறிக்கிற மஸ்டர் எடுக்கும்போது சாய்ந்துவிட்டார். அவர் தம்பி சித்தன் பின்னால் அண்ணனைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, யூசுப் பாய் ஜீப்பை விரட்டினார். ஏற்காட்டைத் தாண்டி ஐந்தாவது வளைவில் கண்ணாடியைப் பார்த்தார். அதே முகம்.

"மூச்சு இரு..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது.

பிரேக்கை மிதித்தார். ஜீப் குலுங்கி நின்றது.

"ஏன் நிறுத்தறீங்க? ஓட்டுங்க பாயி!" சித்தன் கத்தினான்.

யூசுப் பாய் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். "அண்ணனுக்கு மூச்சு இல்ல சாமி. எறக்கு. கீழ படுக்க வெக்கணும்."

சித்தன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். பட்டன் தெறித்தது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு! ஓட்டுய்யா!" என்றான். யூசுப் பாய் அவன் கையை விலக்காமல், "நீதான் அமுக்கப்போற. நான் எண்ணறேன். வா" என்றார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவன் இறங்கினான்.

தார் ரோட்டில் படுக்கவைத்தார்கள். சித்தன் அழுதுகொண்டே அமுக்கினான். யூசுப் பாய் எண்ணினார், ஊதினார். மேலிருந்து வந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, பார்த்து, பையைக் கழற்றி வைத்துவிட்டு மண்டியிட்டார். காய்கறி லாரிக்காரர் ஒருவர் முறை எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு ஹாரன் சத்தமில்லை. ஜன்னலில் தலை நீட்டிய ஒரு கிழவி யூசுப் பாயோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் ரோட்டில். பிறகு ஜீப்பின் தகரத் தரையில் படுக்கவைத்து, சித்தனும் கண்டக்டரும் மாறி மாறி அமுக்க, சேலம்வரை.

அங்கப்பன் பிழைக்கவில்லை.

யூசுப் பாய் வராந்தாவில் ஃபாரத்தை முழங்காலில் வைத்து எழுதினார். ஐந்தாவது வளைவு. மணி ஒன்பது பத்து. அமுக்கினோம். எழுதி முடித்தபோது சித்தன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பிய்ந்த சட்டையைப் பார்த்தான்.

"கோவிச்சுக்காதீங்க பாயி."

"இல்ல சாமி."

"என் கை இன்னும் வலிக்குதுங்க" என்றான் சித்தன், இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தபடி. "வலிக்கட்டும். சும்மா உக்காந்துட்டு வரல நாங்க."

ஆராய்ச்சி முடிய எண்பத்தெட்டு ஆனது. டாக்டர் வெங்கடாசலம் ஸ்டாண்டுக்கு வந்து, எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, தகவலைச் சொன்னார். முப்பத்தொரு பேருக்கு வழியில் மூச்சு நின்றிருக்கிறது. எல்லோரையும் அமுக்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதில் ஒருவர் மின்சாரம் தாக்கியவர், சூசைமாணிக்கம் கொண்டுபோனவர். சொல்லிக்கொடுக்காத மலையில் ஒருவரும் பிழைக்கவில்லை.

"ரெண்டுதானுங்களா?" என்றார் கந்தசாமி.

"சின்ன எண்ணுதான். இதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பொய் இல்லாத எண்ணு. இதைக் காட்டி இன்னும் நாலு மலையில சொல்லிக்குடுக்கக் கேட்டிருக்கேன்."

"அந்த ரெண்டுல என் வண்டி இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார் யூசுப் பாய்.

"இல்ல பாய்."

"செரிங்க" என்று டீயைக் குடித்தார். சூசைமாணிக்கத்தின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சூசைமாணிக்கம் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

டாக்டர் கரடியூருக்கும் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம், பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி வெள்ளையம்மாள் ஸ்டாண்டுக்குள் வந்தாள். கண் பரிசோதனைக்குச் சேலம் போக வேண்டுமாம். மற்ற வண்டிகளைப் பார்க்காமல் யூசுப் பாயின் ஜீப்பில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவில் வேகம் குறைந்தது. மூன்றாவது வளைவு தாண்டியதும் வெள்ளையம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"நாகலூர் ரைட்டரு ஊட்டுல சொன்னாங்க. நிறுத்திச் சொல்லிப்போட்டீங்களாமே."

"சொன்னேம்மா."

"எனக்கும் நெஞ்சு வலி வந்தா இந்த வண்டிதானுங்க. நிஜத்தைச் சொல்லுவீங்களா?"

"சத்தியமாச் சொல்லுவேன் தங்கச்சி. மூச்சு நின்னா, நின்னுபோச்சும்மான்னு உன்கிட்டயே சொல்லிருவேன்."

வெள்ளையம்மாள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று வருஷம் கழித்து அவர் பார்த்த முதல் சிரிப்பு அது.

"செத்தவகிட்டச் சொல்லி என்னத்துக்குங்க பாயி? எறக்கிப் போட்டு அமுக்குங்க."